அப்பா உயிருடன் இருந்ததால் பாதி

அப்பா உயிரோடு இருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக எனக்கு வரவேண்டிய உதவித்தொகையில் பாதியை வெட்டிவிட்டார்கள். ரங்கூனில், அறுபதுகளின் நடுவில் நடந்தது. இத்தனை காலம் ஆகியும் இதைச் சொல்ல உட்கார்ந்தால் எனக்குத் தாடை இறுகிவிடுகிறது.

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். அறிவியல் படிக்க இடம் கிடைத்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அதுவரை யாரும் இல்லை. அம்மாவைப் பெற்ற தாத்தா ரயில்வேயில் தண்டவாளம் போட வந்தவர். அம்மா இங்கேயே, மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் சத்தத்துக்கு நடுவே பிறந்தவள். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆயாவாக இருந்தாள். பள்ளியை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது வெள்ளைக்காரச் சகோதரிகள் போனார்கள், அம்மா மட்டும் அதே துடைப்பத்தோடு அதே நடையில் நின்றாள். அவள் சம்பளம் அரிசிக்கும் வாடகைக்கும் சரியாகப் போய்விடும். எனக்குக் கீழே ஒரு தங்கை வேறு. உதவித்தொகை முழுதாக வந்தால் நான் படிக்கலாம். பாதி வந்தால் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொள்ளலாம். பாதி என்பது எங்களுக்கு 'வராதே' என்பதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்வதுதான்.

உதவித்தொகைப் பட்டியலைக் கல்லூரி அலுவலகத்துக்கு வெளியே பலகையில் ஒட்டியிருந்தார்கள். மழைச்சாரலில் மை கலங்கிக் கிடந்தது. என் பெயருக்கு எதிரே பர்மிய எழுத்தில் 'பாதி' என்று இருந்தது. வேறு யாருடைய வரியையோ பார்த்துவிட்டேன் என்று நினைத்து விரலை வைத்து மறுபடி படித்தேன். என் வரிதான்.

உள்ளே ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பர்மியப் பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். கன்னத்தில் தனக்கா மரச்சாந்து பூசி, தலையில் ஒரு பூ வைத்திருந்தாள். கெட்டவள் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் கெட்டவர் என்று விரல் நீட்டக்கூடிய ஆள் அதிகம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"சயாமா, எனக்கு ஏன் பாதி?" என்று பர்மியத்தில் மரியாதையாகக் கேட்டேன்.

அவள் என் விண்ணப்பத்தைத் தேடி எடுத்தாள். "அப்பா உயிரோடு இருக்கிறார், வெளிநாட்டில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறாயே. வெளிநாட்டில் இருப்பவருக்கு வருமானம் இருக்கும். அதனால் பாதி."

"அவர் எங்களுக்கு ஒன்றும் அனுப்புவதில்லை."

"அப்படியானால் அவர் சம்பாதிப்பதில்லை என்று அங்கிருந்து அவரே ஒரு சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும்."

"அவர் கடிதமே போடுவதில்லை."

அவள் சிறிது நேரம் பேனாவை உருட்டினாள். பிறகு குரலைத் தணித்து, "மேல்முறையீடு செய்யலாம். ஆனால் காரணம் வேண்டும். அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு முழுதாகத் தருகிறார்கள்" என்றாள். 'இல்லாத' என்பதை அவள் அழுத்திச் சொன்ன விதம் எனக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இளவயதில் கப்பலேறி வந்தவர். ஒரு பெரிய துணிக்கடையில் கணக்குப்பிள்ளை. அவரிடம் இருந்தது வெளிநாட்டார் பதிவுச்சீட்டு. வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அம்மாவும் நாங்களும் இங்கே பிறந்ததால் எங்களுக்கு இந்த நாட்டு அட்டை. ஒரே பாயில் படுத்துக்கொண்டு அவர் அந்நியர், நாங்கள் உள்ளூர். கடையை அரசாங்கம் எடுத்து மக்கள் கடை என்று பலகை மாட்டியபோது கணக்குப்பிள்ளைக்கு வேலை இல்லாமல் போயிற்று. தெரிந்தவர்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவரும் கட்டினார். "நான் முன்னால போயி ஒரு எடம் பாத்துட்டு உங்கள அழைச்சிக்கிறேன்" என்றார். துறைமுகத்தில் அவர் கையில் ஒரு பெட்டியும் போர்வையும்தான். அதிகாரிகள் போகிறவர்களிடம் ஒன்றும் விட்டுவைக்கவில்லை. பெண்களின் தாலியைக்கூடக் கழற்றி வாங்கிக்கொள்கிறார்கள் என்று அம்மா கேள்விப்பட்டிருந்தாள்.

முதலில் கடிதங்கள் வந்தன. சென்னை வெயில் தாங்கவில்லை, அகதிகளுக்கு இடம் தருகிறார்கள், சீக்கிரம் அழைக்கிறேன். பிறகு கடிதங்கள் சுருங்கின. பிறகு நின்றுபோயின. அம்மா தபால்காரனைப் பார்த்து வாசலில் எழுந்து நிற்பதை ஒரு நாள் விட்டுவிட்டாள். 

பட்டியலைப் பார்த்துவிட்டு நான் வந்து சொன்ன அந்த வாரம் அப்பாவின் நண்பர் வீட்டுக்கு வந்தார். அதே துணிக்கடையில் வேலை பார்த்தவர், இப்போது தாமுவே சந்தை ஓரத்தில் சாக்கு விரித்துச் சீப்பும் கண்ணாடியும் விற்றுக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணன் சென்னையில் இருந்தார், அங்கிருந்து செய்தி வரும். நாங்கள் அவரை மாமா என்போம், அம்மா அண்ணே என்பாள்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சுலபமாகச் சொன்னார். "இதுக்கா மண்டைய ஒடைச்சிக்கிறீங்க? செத்துட்டான்னு எழுதிப் போடுங்க. வட்டாரத் தலைவர்கிட்ட நான் பேசிக்கிறேன். அங்க செத்ததுக்கு இங்க யாரு போயிப் பாக்கப் போறா? கையெழுத்து வாங்கித் தர்றது எம் பொறுப்பு."

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "என்னண்ணே பேசுறீங்க?"

"புள்ள படிக்கணுமில்ல? ஒரு வார்த்தைதானே தங்கச்சி. ரெண்டு நாளைக்கு நெத்தியில பொட்டு இல்லாம ஆபீசுக்குப் போயி நின்னுட்டு வா. அப்புறம் வச்சிக்க."

"உசுரோட இருக்கிற மனுஷன எப்படிண்ணே செத்துட்டான்னு எழுதுறது?"

மாமாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. நல்லது செய்ய வந்தவருக்கு நன்றி கிடைக்காதபோது வருகிற எரிச்சல். "நீ என்னமோ அவனுக்காகப் பாக்குற. அவன் பாத்தானா? அங்க எல்லார்கிட்டயும் பொண்டாட்டி ரங்கூன்ல செத்துட்டா, புள்ளைங்கள மச்சான் வீட்ல விட்டுட்டு வந்தேன்னு சொல்லிட்டுத்தான் அந்தப் பொம்பளையக் கூட்டி வச்சிருக்கான்."

சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது உறைத்தது. வாயைத் துடைத்துக்கொண்டார். தங்கை பாடப்புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள், உயிரோடு இருக்கிறாளா என்று சரிபார்ப்பதுபோல.

அம்மா அழவில்லை. "எத்தன நாளா உங்களுக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

"போன தீபாவளிக்கு முன்னாடி அண்ணன் எழுதுனாரு."

"போயிட்டு வாங்கண்ணே."

"தங்கச்சி, நான் என்ன சொல்ல வந்தேன்னா…"

"போயிட்டு வாங்க."

அவர் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார். அம்மா மிச்ச அரிசியையும் புடைத்து முடித்தாள்.

எனக்கு அந்த நிமிஷம் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்பா கடல் தாண்டி இருந்தார், கைக்கு எட்டவில்லை. அரசாங்கம் அதைவிடத் தூரம். அம்மா எதிரில் இருந்தாள். "அவரே உன்னச் சாகடிச்சிட்டாரு. நீ ஏன் எழுத மாட்டேங்குற? எம் படிப்பவிட உந் தாலிதான் பெருசா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் பேச்சு நின்றது. மிங்கலா தாங்ஞுன்ட்டில் பலகைச் சுவர்தான், எல்லார் வீட்டுச் சண்டையும் எல்லாருக்கும் சொந்தம்.

"தாலிக்குன்னு நெனச்சியாடி?" என்றாள் அம்மா. குரல் ஏறவில்லை. "இத வித்துத்தான் உன்னப் படிக்க வைக்கணும்னா இந்நேரம் வித்திருப்பேன். செத்தவன யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. செத்தவன் மேல ஒரு குத்தமும் இல்ல. பெத்த புள்ளைக்குச் சோறு போட்டியான்னு ஒருத்தன் கேக்க முடியாது. அவனுக்கு ஏன் அந்தச் சுகத்த நான் குடுக்கணும்? உசுரோட இருக்கட்டும். உசுரோட இருந்துக்கிட்டுத்தான் செய்யலன்னு எழுதட்டும்."

"அப்படி எழுத எடமே இல்ல அந்தத் தாள்ல."

"அத நான் வந்து சொல்றேன்."

மேல்முறையீட்டு மனுவை நான்தான் எழுதினேன். 'தந்தை: உயிருடன் / மரணம். பொருந்தாததை அடிக்கவும்.' அவ்வளவுதான். கையை வைத்தபோது கொஞ்சம் தயங்கினேன். ஒரு கோடு இந்தப் பக்கம் போட்டால் முழுத் தொகை, அந்தப் பக்கம் போட்டால் பாதி. அம்மாவுக்குப் பர்மியம் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து, "எதடி அடிச்ச?" என்று கேட்டாள். 'மரணம்' என்பதை அடித்தேன். அடித்த கோடு தாளைக் கிழித்துவிட்டது.

விசாரணைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. அம்மா பள்ளிக்கூடத்துக்கு எப்போதும் பர்மியப் பெண்களைப்போலத் தமேன் கைலி கட்டிக்கொண்டு போகிறவள். அன்றைக்குப் புடவை கட்டினாள். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் எடுக்கிற அரக்குப் புடவை. நெற்றியில் வழக்கத்தைவிடப் பெரிதாகக் குங்குமம் வைத்தாள். பேருந்தில் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். அந்த வருஷங்களில் புடவை கட்டிக்கொண்டு பேருந்தில் ஏறுவதே ஒரு சண்டைக்கு ஏறுவது மாதிரிதான். பின்னாலிருந்து ஒருவன், இந்தியரை இளப்பமாகக் கூப்பிடுகிற சொல்லைப் போட்டு, "கலாமா, கப்பல் அந்தப் பக்கம்" என்றான். சிரித்தார்கள். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அறையில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் விசாரணைக் குழுவின் தலைவர், ஒட்ட வெட்டிய முடி, நிமிர்ந்த முதுகு. பட்டாளத்திலிருந்து வந்தவர் என்று சொன்னார்கள். அவருக்கு வலப்பக்கம் வயதான பேராசிரியர் ஒருவர், அரைத்தூக்கத்தில். இடப்பக்கம் ஒரு பெண் விரிவுரையாளர், குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு நாற்காலி இல்லை.

"கணவர் எங்கே?" என்று தலைவர் அம்மாவைக் கேட்டார்.

"மதராஸ்ல."

"என்ன வேலை?"

"தெரியாது."

"எவ்வளவு அனுப்புகிறார்?"

"ஒண்ணுமில்ல."

"அதற்கு என்ன ஆதாரம்?"

அம்மாவின் பர்மியம் சந்தைப் பர்மியம். பேச்சின் கடைசியில் பெரியவர்களுக்குப் போடவேண்டிய பணிவுச் சொல்லை அவள் போடுவதில்லை. போடத் தெரியாமல் இல்லை, பள்ளிக்கூடத்தில் போடுவாள். அன்று போடவில்லை. "வராத பணத்துக்கு என்னா ஆதாரம் காட்டுறது? காலிப் பானையக் கொண்டாரவா?"

தலைவர் பேனாவை மூடினார். "கலாக்கள் எல்லோரும் இப்படித்தான். ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே. அங்கிருந்து வருவதை மறைத்துக்கொண்டு இங்கேயும் கை நீட்டுகிறீர்கள்."

நான் பேசக்கூடாது என்று முடிவுசெய்துகொண்டுதான் போயிருந்தேன். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் முகமெல்லாம் சூடாகிவிட்டது. "சயாஜி" என்று மரியாதையோடு ஆரம்பித்தேன். என் பர்மியம் பள்ளிக்கூடப் பர்மியம், எல்லாப் பணிவுச் சொல்லும் தவறாமல் வந்தது. "சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டு வருகிறேன். கலாக்கள் இந்த நாட்டுப் பணத்தையெல்லாம் இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கடைகளை எடுத்துக்கொண்டபோதும் அதைத்தான் சொன்னார்கள். அங்கிருந்து இங்கே பணம் வருகிறது என்று இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறேன். வந்தால் வங்கி வழியாகத்தானே வரவேண்டும்? வங்கிகள் எல்லாம் இப்போது அரசாங்கத்தின் கையில். எங்கள் பெயருக்கு ஏதாவது வந்ததா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். நாங்கள் போய்க் கேட்டால் வாசலிலேயே விரட்டுகிறார்கள்."

விரிவுரையாளரின் பேனா நின்றது. பேராசிரியர் கண்ணை முழுசாகத் திறந்தார். தலைவர் என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்து, "பெண்ணை நன்றாகப் பேச வைத்திருக்கிறாய்" என்றார்.

"அவ எவ்வளவோ கம்மியாப் பேசுறா" என்றாள் அம்மா. ஓரடி முன்னால் போனாள். "அந்தாளு அங்க நான் செத்துட்டேன்னு சொல்லி இன்னொருத்தி கூட இருக்கான். நான் செத்திருக்கேனா, உசுரோட இருக்கேனா, நல்லாப் பாத்துக்குங்க. நானும் அவன் செத்துட்டான்னு எழுதுனா ஒங்களுக்கு முழுசா குடுக்க முடியுமாம். பொய் சொன்னா முழுசு, உண்மையச் சொன்னா பாதி. இது எந்த ஊரு நியாயம்?"

"இந்தப் படிவத்தில் அதற்கெல்லாம் இடம் இல்லை, அம்மா. உயிருடன், அல்லது மரணம். இரண்டில் ஒன்று."

"எடம் இல்லன்னா ஓரத்துல எழுதுங்க. ஓரம் பூரா காலியாத்தானே கெடக்கு."

விரிவுரையாளர் சிரித்துவிட்டு, கையால் வாயை மூடிக்கொண்டார். தலைவருக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது. "போய் வாருங்கள். முடிவைத் தெரிவிப்போம்" என்றார்.

வெளியே வந்ததும் நான் அம்மாவுக்கு முன்னால் நடந்தேன். எல்லாம் கெட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தாமுவேயில் ஒரு தையல் கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருந்தாள். பேருந்தில் உட்கார்ந்து அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

முடிவைக் கேட்க நான் தனியாகத்தான் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டாள். "முழுதும் கிடைத்துவிட்டது!" என்றாள். அவளுக்கு என்னைவிடச் சந்தோஷம். கையைப் பிடித்துக் குலுக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் அவள் அருகில் குனிந்து, நல்ல சேதியைப் பகிர்ந்துகொள்கிறவளைப்போலச் சொன்னாள்: "தலைவர் நல்ல மனுஷர். 'அப்பன் செத்துவிட்டதாகப் போட்டுவிடு, பெண் படிக்கட்டும், எல்லாருக்கும் வேலை மிச்சம்' என்று சொல்லிவிட்டார்."

நான் கிழித்து அடித்திருந்த கோட்டுக்குப் பக்கத்தில் அவர்களே அந்தச் சொல்லைத் திரும்ப எழுதிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா என் தலையில் கை வைத்தாள். தங்கை குதித்தாள். பிறகு அம்மா கேட்டாள், "என்னான்னு எழுதுனாங்க?" பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. சொன்னேன்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் அரைநாள் விடுப்புக் கேட்டுக்கொண்டு அம்மா அலுவலகத்துக்குக் கிளம்பினாள். நான் பின்னாலேயே ஓடினேன். "அம்மா, வேணாம்மா. குடுத்துட்டாங்க. திருப்பி எடுத்துருவாங்க." அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஜன்னலில் போய் நின்று, "மாத்தி எழுது" என்றாள்.

அந்தப் பெண் பயந்துவிட்டாள். "மயாபூ, அக்கா. முடியாது. மாற்றினால் மறுபடி பாதியாகிவிடும். தலைவர் இரக்கப்பட்டுத்தான் செய்தார்."

"ஒரு புள்ளைக்குப் பணம் குடுக்க ஒரு ஆளக் கொல்லணுமா உங்களுக்கு? அவர யாரு இரக்கப்படச் சொன்னா? சரியா எழுதச் சொன்னேன். நான் அவ்வளவு தூரம் வந்து, நின்னு, வாயத் தொறந்து சொன்னேனே. அது எங்க போச்சு?"

வரிசையில் நின்ற மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாளைக்கு அவர்களோடுதான் நான் வகுப்பில் உட்கார வேண்டும். "அம்மா, விடு! எனக்கு அவர் செத்தவர்தான்!" என்று தமிழில் கத்தினேன். அங்கே யாருக்கும் புரியவில்லை. புரிய வேண்டியவளுக்குப் புரிந்தது.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். படியிறங்கினாள்.

பேருந்து நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றோம். மழை விட்டிருந்தது. ஒரு பேருந்து வந்தது, கூட்டமாக இருந்தது, ஏறவில்லை. அடுத்ததும் அப்படியே. பிறகு அம்மா, என்னைப் பார்க்காமல், சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "படி. நல்லாப் படி. ஆனா அப்பன் செத்த காசுன்னு நெனச்சிப் படிக்காத. உசுரோட இருக்கிறவன் குடுக்காத காசு. அதனால சர்க்கார் குடுக்குது. அப்படி நெனச்சிப் படி."

"சரிம்மா."

"சரின்னு சொன்னா ஆச்சா?"

அடுத்து வந்த பேருந்தில் ஏறினோம்.

படித்தேன். வகுப்பில் யாராவது அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் பேச்சை மாற்றுவேன். உதவித்தொகை வாங்குகிற பிள்ளைகளின் வரிசையில் மாதாமாதம் நிற்கும்போது, பணம் கொடுக்கிற கிழவர் என்னை 'அப்பா இல்லாத பிள்ளை' என்று பரிவாகக் கூப்பிடுவார். நான் கைகூப்பி வாங்கிக்கொள்வேன்.  ஜன்னல் பெண்ணுக்கு நன்றி, கிழவருக்கு நன்றி, விரிவுரையாளருக்கு நன்றி. அந்த வருஷம் முழுக்க நான் யாருக்காவது நன்றி சொல்லிக்கொண்டே இருந்தேன். நியாயமாக எனக்கு வரவேண்டியதற்கு.

அடுத்த வருஷம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தாயார் நேரில் வந்து கைநாட்டு வைக்க வேண்டும். வருகிறாளோ மாட்டாளோ என்று நான் பயந்தேன். வந்தாள். குங்குமத்தோடுதான் வந்தாள். ஜன்னல் பெண் அந்த நெற்றியைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், மைப்பெட்டியை முன்னால் தள்ளினாள். தாளில் 'விதவை' என்று அச்சடித்திருந்த சொல்லுக்குக் கீழே அம்மா கட்டைவிரலை அழுத்தினாள். என்ன சொல் என்று அவள் கேட்கவில்லை. நானும் வாசித்துக் காட்டவில்லை. அவளுக்குத் தெரியும்.

வெளியே நடையில் தலைவர் எதிரே வந்தார். எங்களை அடையாளம் தெரிந்துகொண்டார். அந்தப் புடவைக்காரியை யார் மறப்பார்கள். நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, "பெண் நன்றாகப் படிக்கிறாளா?" என்று கேட்டார். தான் நட்ட செடியைப் பார்க்க வந்தவர் போல இருந்தது அந்தச் சிரிப்பு. நன்றி வரும் என்று காத்திருந்தார். என் கைகள் பழக்கத்தில் மேலே எழும்பின.

"படிக்கிறா" என்றாள் அம்மா. "அவ அப்பன் உசுரோட இருக்கான்."

நடையில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டது. என் கைகள் அங்கேயே நின்றன, கூப்பவும் இல்லை, இறங்கவும் இல்லை.

தலைவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு தோளைக் குலுக்கி, "தெரியும், தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

அந்த மாதம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை. எப்போது கூப்பிட்டுப் பணத்தை நிறுத்துவார்களோ என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. மாதம் பிறந்ததும் பணம் வந்தது, முழுதாக. அடுத்த மாதமும் வந்தது. படிப்பு முடியும்வரை வந்தது.

அப்போதுதான் என் கோபம் உண்மையில் கொதிக்க ஆரம்பித்தது. அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்தேதான் இருந்தது. உண்மையைச் சொன்னாலும் அவர்களால் அதே பணத்தைக் கொடுத்திருக்க முடியும். ஓரத்தில் நாலு வார்த்தை எழுதச் சோம்பல்பட்டுத்தான் என் அம்மாவை அவர்கள் விதவையாக்கினார்கள். அதைச் செய்துவிட்டு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒரு வருஷம் முழுக்க நான் அதற்குத்தான் கைகூப்பிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பணம் வாங்கும் வரிசையில் கிழவர் "அப்பா இல்லாத பிள்ளை" என்று கூப்பிட்டபோதெல்லாம், "இருக்கிறார், சென்னையில் இருக்கிறார்" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். முதல் தடவை அவர் காது கேளாதவர்போல இருந்துவிட்டார். இரண்டாவது தடவை, "சரி, இருக்கட்டும்" என்றார். மூன்றாவது தடவையிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.